முறுக்கும் இரட்டையும்

(காரைக்காலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



காரைக்காலில் மேடையேறும் பேறு பெற்ற எவரும் காரைக்கால் அம்மையாரை நினையாமல் வாய் திறப்பது இவ்வூர் வழக்கமன்று. மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் தந்தையாரின் தோளில் அமர்ந்து, மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாம்பழங்களுக்குக் கைநீட்டிய பருவம் முதல் எனக்கும் அந்த நினைவு பழகியதே. ஆயினும் இன்று அவரை வணங்கித் தொடங்குவதற்கு வழக்கம் மட்டும் காரணமன்று. அவர் அருளிய நூல்களுள் ஒன்றின் பெயரிலே நிற்கும் ஒரு சொல், யந்திர சாஸ்திரம் கற்பித்தே தலை நரைத்த எனக்கு, நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் கைகொடுத்தது. அது எந்தச் சொல் என்பதை இப்போதே கூறிவிட்டால் நீங்கள் பாதியிலே எழுந்து போய்விடக் கூடும். ஆதலால் உரிய இடத்தில் கூறுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் 'டார்க்' என்னும் ஒரு சிறு சொல். பொறியியல் பயிலும் மாணாக்கர் முதலாண்டிலேயே அதனைக் கற்கிறார்கள். விசையை அதன் ஆரத்தால் பெருக்கி விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். அச்சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று என் வகுப்பில் கேட்டவர் பல ஆண்டுகளில் ஒரே ஒருவர்தாம். "முறுக்கு" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுடைய நினைவு தின்பண்டத்தின் மேல் சென்றது என்பது தெரிந்தும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஏனெனில், பிசைந்த மாவை விரல்களுக்கிடையே நெரித்து நெரித்து வட்டம் வட்டமாகச் சுற்றிக் கைமுறுக்குப் போடும் மூதாட்டி ஒருத்தியைக் கண்டவர்க்கு, லத்தீன் பாஷையில் அந்தச் சொல்லின் தாது எதனைக் குறித்தது என்பதை விளக்க வேறு உதாரணம் வேண்டியதில்லை.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாட்டி காலத்துத் திருகையை நினைவுகூருங்கள். மேற்கல்லின் நடுவே முளை இருக்கிறது. கைப்பிடியோ கல்லின் விளிம்பிலே பொருத்தப்பட்டிருக்கிறது. கைப்பிடியை முளைக்கு அருகிலே வைத்திருந்தால் அதே கை அதே பலத்துடன் தள்ளியும் கல் அசையாது. தள்ளும் பலம் ஒரு பாதி, தள்ளும் இடத்திற்கும் முளைக்கும் உள்ள தூரம் மறு பாதி. இரண்டும் பெருக்கப்பட்டுக் கல்லைத் திருப்பும் ஆற்றலாகின்றன. திருகை என்ற பெயரே திருகுதல் என்ற வினையிலிருந்து வந்தது என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிந்தோ அறியாமலோ எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். செக்கிலே மாடு சுற்றி வருவதும் இதே தத்துவந்தான். நீண்ட மரத்தின் நுனியில் நுகத்தைப் பூட்டியவன், மாட்டின் பலத்தைக் கூட்டவில்லை, தூரத்தைக் கூட்டினான்.

லாரிப் பட்டறைகளில் இந்த ஆற்றலை எவரும் 'திருப்பு விசை' என்று அழைப்பதில்லை. "வண்டியில் இழுவை இல்லை" என்பார் ஓட்டுநர். "டார்க் வைத்து இறுக்கு" என்பார் மேஸ்திரி. இவ்விரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்பது இருவருக்கும் தெரியாது. தெரியாததனால் வேலை நிற்பதுமில்லை. இங்கே ஒரு கணக்கைச் சொல்லிச் செல்கிறேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மிதிவண்டியின் மிதிகட்டையின் மேல் முழுப் பாரத்தையும் வைத்து எழுந்து நின்றால், மிதிகட்டையின் தண்டு 17 சென்டிமீட்டர் நீளமென்று கொண்டால், அச்சில் விழும் முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். சிறு கார்கள் பலவற்றின் எஞ்சின் தருவதும் எழுபதிலிருந்து நூற்றுப் பத்துக்குள்தான். அப்படியானால் மிதிவண்டிக்காரரும் காரும் சமமா என்று கேட்கலாம். எஞ்சின் அந்த முறுக்கை நிமிஷத்திற்கு மூவாயிரம் நாலாயிரம் சுற்றுகளில் தருகிறது. மனிதர் மேட்டில் மூச்சிரைக்க அறுபது சுற்றுக்குள் தருகிறார். முறுக்கு வேறு, திறன் வேறு என்பதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதைவிட மேம்பாலத்தின் ஏற்றம் என் மாணாக்கர்களுக்கு நன்றாக விளக்கியிருக்கும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'தொர்க்குவேரே' என்பது முறுக்குதல், திருகுதல், சுழற்றுதல் என்று பொருள்படும் வினை. நூல் நூற்கும் பெண் கதிரைச் சுழற்றுவதற்கும் ரோமர்கள் இதே வினையைப் பிரயோகித்தார்கள். இந்தோ-ஐரோப்பிய பாஷைகளின் தாதுக்களை ஒப்பிட்டவர்கள், இதே மூலத்திலிருந்து வடமொழியில் நூற்கும் கதிரைக் குறிக்கும் 'தர்கு' என்ற சொல்லும், கிரேக்கத்தில் கதிருக்குரிய 'அத்ராக்டோஸ்' என்ற சொல்லும் பிறந்தன என்று காட்டியிருக்கிறார்கள். தர்கு என்பது வடநாட்டுப் பாஷைகளில் தேய்ந்து தேய்ந்து 'தக்லா' ஆகி, அதன் சிறிய வடிவம் 'தக்ளி' ஆயிற்று. காந்தியடிகளின் காலத்திலே பள்ளிக்கூடந்தோறும் குழந்தைகளின் விரல்களுக்கிடையே சுழன்ற அதே தக்ளிதான். ரோமாபுரிக்குச் சென்ற கிளை, பல நூற்றாண்டு சுற்றி, மோட்டார் பட்டறையின் டார்க் ஆகத் திரும்பியிருக்கிறது. இங்கேயே தங்கிய கிளை பஞ்சிலே இழையாகியிருக்கிறது. தருக்கம் என்ற சொல்லையும் இதே குடும்பத்தில் சேர்க்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். மனத்தில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தருக்கம் என்பது அவர்கள் கட்சி. மற்றொரு சாரார் இதை ஒப்புவதில்லை. தருக்கத்தைப் பற்றியே தருக்கம் எழுந்துவிட்டபடியால் நான் விலகிக்கொள்கிறேன்.

நூலை முறுக்கியவன் கயிற்றை முறுக்கினான். கயிற்றை முறுக்கியவன் அதில் தேங்கி நிற்கும் வேகத்தைக் கண்டான். மிருகங்களின் நரம்பையும் மயிரையும் கற்றையாக முறுக்கி, அக்கற்றைக்குள் மரக்கையைச் செருகி இழுத்து விட்டால், அது கல்லை வெகுதூரம் எறியும். கோட்டையை இடிக்கும் இந்த யந்திரத்திற்கு ரோமர் இட்ட பெயர் 'தொர்மெந்தும்', அதாவது முறுக்குப் பொறி. கார்த்தேஜ் நகரம் கி.மு. 146-இல் வீழ்வதற்கு முன், முற்றுகையிலே கயிறு கிடைக்காமல் போகவே, அந்நகரத்துப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்து எறிபொறிகளுக்குக் கொடுத்தார்கள் என்று சரித்திராசிரியர் அப்பியன் எழுதுகிறார். பின்னாளில் அதே தொர்மெந்தும் என்ற சொல், மனித உடலைக் கட்டி முறுக்கும் தண்டனைக் கருவியைக் குறித்தது. அதன் பின்னர் அக்கருவி தரும் வேதனையைக் குறித்தது. இறுதியில் கருவியே இல்லாத மனவேதனையையும் குறித்து, பிரெஞ்சில் 'தூர்மான்' என்றும் ஆங்கிலத்தில் 'டார்மென்ட்' என்றும் நிற்கிறது. வயிற்று நோவுக்கு லத்தீன் வைத்தியர்கள் வழங்கிய பெயர் 'தொர்மினா'. "வயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது" என்று நம் கிழவிகள் சொல்லும்போது அவர்கள் எந்த லத்தீன் நூலையும் படித்தவர்களல்லர். வயிறு எல்லா தேசத்திலும் ஒரே விதமாகத்தான் வலிக்கிறது.

இந்த வழியில் வந்ததே 'டார்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல். இன்று தமிழ்ப் பிள்ளைகள் பரீட்சையையும், வெயிலையும், அடுத்த வீட்டு ஒலிபெருக்கியையும் 'ஒரே டார்ச்சர்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கில்லாத ஒரு காலமும் இந்நாட்டில் இருந்தது. சென்னை ராஜதானியில் வரி வசூலுக்காகவும் ஒப்புதல் வாக்குமூலத்திற்காகவும் குடிகளை வதைக்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களை நெருக்கும் கிட்டி, கழுத்தைக் காலோடு பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணாந்தாள், இரத்த ஓட்டம் நிற்கும்படி கையிலோ காலிலோ கயிற்றைச் சுற்றி முறுக்குவது என்று அதில் வரும் பட்டியலைப் படிப்பவர், டார்ச்சர் என்ற சொல்லின் தாது என்ன என்பதை அகராதி இல்லாமலே அறிந்துகொள்வார். பிரெஞ்சுக்காரர் நீதிமன்ற வதைக்கு வைத்திருந்த பெயர் 'கேள்வி'. அவர்கள் பாஷையிலே 'கெஸ்தியோன்' என்ற சாதாரணச் சொல்தான். 1780-இலும் 1788-இலும் பதினாறாம் லூயி மன்னர் அதனை இரு கட்டமாக நீக்கும் வரையில், ஒருவனை அச்சொல்லால் அழைத்தால் அவன் நடுங்கியிருப்பான். முறுக்கு என்று உண்மையைச் சொன்ன சொல்லைவிட, கேள்வி என்று மறைத்துச் சொன்ன சொல்லே எனக்குக் கொடிதாகத் தோன்றுகிறது.

யந்திரப் பொருளும் வதைப் பொருளும் ஒரே மரத்தில் வந்து கூடிய ஒரு காட்சி நம் சரித்திரத்திலே உண்டு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளை 1908-இல் தண்டிக்கப்பட்டு, கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கும் அந்தச் செக்கை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஆசிரியனுக்குரிய புத்தியோடு, மரத்தின் நீளத்தைக் கண்ணாலே அளந்தேன்; இவ்வளவு ஆரம், இவ்வளவு விசை என்று மனம் கணக்குப் போட்டது. கப்பலின் சுழலியைத் திருப்பும் நீராவி எஞ்சினுக்குச் சொந்தக்காரராயிருந்தவரை அந்த நுகத்திலே பூட்டினார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. இரண்டாம் முறை சென்றபோது அளக்கவில்லை.

லத்தீன் குடும்பத்தில் துன்பமில்லாத உறுப்பினரும் உண்டு. கெல்ட்டியப் போர்வீரர் பொன் கம்பிகளை முறுக்கிச் செய்த கழுத்தணியை ரோமர் 'தொர்க்குவெஸ்' என்றார்கள். நம் பொற்கொல்லர் 'முறுக்குக் காப்பு' என்று கைக்குச் செய்வதைக் கழுத்துக்குச் செய்தாற்போன்றது. கி.மு. 361-இல் கெல்ட்டிய இனத்துக் காலியப் போர்வீரன் ஒருவனைத் தனியே எதிர்த்துக் கொன்று அவ்வணியைக் கைப்பற்றி அணிந்துகொண்ட தித்துஸ் மான்லியுஸ் என்பவனுக்கு 'தொர்க்குவாத்துஸ்', முறுக்கணி பூண்டோன், என்ற விருதுப்பெயர் நிலைத்தது. பின்னர் அவனே படைத்தலைவனாயிருந்தபோது, ஆணையை மீறித் தனிப்போர் புரிந்து வென்று வந்த தன் மகனுக்கு மரணதண்டனை விதித்தான் என்று லிவியின் சரித்திரம் கூறுகிறது. அதைப் படித்த எவருக்கும் நம் அண்டையிலுள்ள திருவாரூரின் மனுநீதிச் சோழன் நினைவு வராமலிராது. ஆயினும் இரு கதைகளும் ஒன்றல்ல. ரோமன் மகனைக் கொன்றது படையின் கட்டுப்பாட்டிற்காக. சோழன் கொன்றது ஒரு பசுவின் துயருக்காக. வழக்கு வேறு, வாதி வேறு.

மனுநீதியை எடுத்ததனால் சட்டத்திற்கு வந்துவிட்டோம். ஆங்கிலச் சட்டத்தில், குற்றவியலுக்குள் வராமல் ஒருவர் மற்றொருவருக்கு இழைக்கும் தீங்குக்கு 'டார்ட்டு' என்று பெயர். முறுக்கப்பட்டது, நேரல்லாதது என்று பொருள். அது ஆங்கிலத்திற்குள் புகுந்தது பிரெஞ்சு வழியாக. ஆனால் அந்தச் சொல்லை ஏற்றுமதி செய்த பிரெஞ்சுக்காரரோ தங்கள் 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 1382-ஆம் பிரிவில், தன் தவற்றினால் பிறருக்கு நஷ்டம் விளைவித்தவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்று விதித்தபோது, அந்தச் சொல்லை அங்கே வைக்கவில்லை. இதனால் காரைக்காலுக்கு ஒரு விசித்திர நிலை நேர்ந்தது. 1739 முதல் 1954 வரையில், இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த காலங்கள் நீங்கலாக, இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அக்காலத்தின் பெரும்பகுதியில் சுற்றிலும் கடல் ஒழிந்த மூன்று பக்கமும் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூருக்குப் போன மாட்டுவண்டி அங்கே ஒருவர் வேலியை இடித்தால் அது முறுக்கு. திரும்பி வரும் வழியில் இங்கே ஒரு வேலியை இடித்தால் அது தவறு. மாட்டுக்கும் வேலிக்கும் வித்தியாசம் தெரிந்திராது; வக்கீலுக்குத் தெரிந்திருக்கும்.

ஆயினும் அன்றாடப் பேச்சுப் பிரெஞ்சில் அந்தச் சொல் செழித்தே வாழ்கிறது. பிழை உன்மேல் என்று சொல்ல விரும்பும் பிரெஞ்சுக்காரர், உன்னிடம் 'தோர்' இருக்கிறது என்பார். கடைசி எழுத்தை விழுங்கிவிடுவது அவர்கள் வழக்கம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்று வந்த நம் சொல்தாக்கள் திண்ணையில் சீட்டாடும்போது ஒருவரையொருவர் அந்தச் சொல்லால் வைது நான் கேட்டிருக்கிறேன். தோர் என்பதற்கு எதிர்ச்சொல்லாக நிற்பது 'த்ருவா'; நேரானது என்றும், சட்டம் என்றும், உரிமை என்றும் அதற்குப் பொருள். அநீதியை முறுக்காகவும் நீதியை நேராகவும் கண்ட இந்தப் பார்வை நமக்கும் அந்நியமன்று. செங்கோல், கொடுங்கோல் என்ற இரண்டு சொற்களே போதும்; வள்ளுவர் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அவற்றிற்கு ஒதுக்கினார். ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு. லத்தீன் கண்ட அநீதி முறுக்கம். தமிழ் கண்ட அநீதி வளைவு. கோல் கோடியது, கோணிற்று என்கிறோமேயன்றி முறுகிற்று என்பதில்லை. வளைந்த கோலை நிமிர்த்தினால் நேராகிவிடும்.

தமிழர் முறுக்கைப் பெரும்பாலும் வலிமைக்கும் வீம்புக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள். முறுக்கு மீசை, இளமை முறுக்கு, கலியாண வீட்டில் காப்பி ஆறிப்போனதற்காக எழும் மாப்பிள்ளை முறுக்கு. இவற்றில் வேதனை இல்லை. வேதனை இருந்தால் அது பெண் வீட்டாருக்கு. வஞ்சகத்திற்கும் மாற்றத்திற்கும் 'திரி' என்ற வேறொரு தாதுவைக் கையாண்டார்கள். பால் திரிகிறது, செய்தியைத் திரிக்கிறார்கள், எழுத்துத் திரிதலை இலக்கணமாக வகுத்த தொல்காப்பியர், இயல்பிலிருந்து விலகிய சொல்லுக்குத் திரிசொல் என்று பெயரிட்டார். விளக்கில் எரிவதும் திரிதான். பஞ்சைத் திரித்ததால் திரி. பிரெஞ்சில் 'தோர்ஷ்' என்பதும் ஆங்கிலத்தில் 'டார்ச்' என்பதும், சணலை முறுக்கி மெழுகில் தோய்த்த பந்தமென்ற பொருளில் அதே தொர்க்குவேரேயின் வழிவந்தவை. முறுக்கிய நார் எதுவுமில்லாமல் மின்கலத்தால் எரியும் கைவிளக்கை இன்றும் நாம் டார்ச் என்றே கேட்டு வாங்குகிறோம். கணுக்கால் பிசகினால் பிரெஞ்சு மருத்துவர் 'ஆன்தோர்ஸ்' என்று எழுதுகிறார். நாம் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்கிறோம். பிரெஞ்சில் ஆமைக்குரிய 'தோர்த்து' என்ற பெயரையும் வளைந்த கால்களைக் காட்டி இக்குடும்பத்தில் இணைத்தார்கள். ஆராய்ந்தவர்களோ அது பாதாள உலகத்தைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து பிறந்து, தோற்ற ஒற்றுமையால் பிற்காலத்தில் உருத்திரிந்தது என்கிறார்கள். நம் கடற்கரையில் இரவில் ஏறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு இந்த வியாஜ்ஜியம் எட்டியிராது.

இத்தனை பழைய தாதுவாயினும், யந்திர சாஸ்திரத்தில் டார்க் என்ற பெயர் மிகப் புதிது. கிளாஸ்கோவில் பொறியியல் கற்பித்த ஜேம்ஸ் தாம்சன், இவர் கெல்வின் பிரபுவின் தமையனார், இந்தப் பெயரை முன்மொழிந்ததாகக் கூறுவர். 1884-இல் அது அச்சேறியது. மின்சார டைனமோக்களைப் பற்றி எழுதிய சில்வானஸ் தாம்சன் அதே ஆண்டில் தம் நூலில் அதனை எடுத்தாண்டார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்த விசையைத் துல்லியமாக அளந்தவர் பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலோம். மெல்லிய கம்பியை முறுக்கினால், முறுக்கிய கோணத்திற்கு ஏற்ப அது எதிர்க்கிறது. கம்பியின் தடிப்பு இரு மடங்கானால் எதிர்ப்பு பதினாறு மடங்காகிறது என்று 1784-இல் நிறுவினார். அடுத்த ஆண்டு அந்தக் கம்பியையே தராசாக்கி மின்விசையை நிறுத்தார். 1798-இல் காவெண்டிஷ் அதே விதமான தராசினால் ஈயக் குண்டுகளின் ஈர்ப்பை அளந்து, பூமி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு அடர்த்தியுடையது என்று உலகத்திற்குச் சொன்னார். ஒரு கம்பியின் முறுக்கத்தில் பூமியின் பாரம் தெரிந்தது.

கூலோமைப் பற்றி ஒரு சிறு செய்தி காரைக்காலாருக்கு உரியது. இளமையில் அவர் எட்டாண்டுக் காலம் மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் இருந்து உடல்நலம் கெட்டுத் திரும்பினார். 1853-இலிருந்து அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பெருந்தொகையினர் புதுச்சேரியிலிருந்தும் இந்தக் காரைக்கால் துறையிலிருந்தும் சென்ற தமிழர்கள். கோட்டை அவர்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தது.

இப்போது, முன்பு தள்ளிவைத்த சொல்லுக்கு வருகிறேன். டார்க் என்ற பெயரை ஆங்கிலம் வழங்கும் நாடுகள் ஏற்றும், பிரெஞ்சுக்காரர் ஏற்கவில்லை. மோட்டார் எஞ்சினின் முறுக்கை அவர்கள் 'கூப்ல்' என்கிறார்கள். இணை, ஜோடி என்று அர்த்தம். இந்தப் பிரயோகத்திற்குக் காரணர் லூயி புவான்ஸோ. 1803-இல் வெளியிட்ட நிலையியல் நூலில் அவர், சமமான இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசையில், ஒரே கோட்டில் அல்லாமல், ஒரு பொருளின் மேல் செயற்பட்டால் அப்பொருள் எப்பக்கமும் நகராது, திரும்ப மட்டுமே செய்யும் என்று காட்டி, அவ்விணைக்குக் கூப்ல் என்று பெயர் வைத்தார். ஜாடியின் மூடியைத் திறக்கும் கையைப் பாருங்கள்: கட்டைவிரல் ஒரு புறம் தள்ளுகிறது, மற்ற விரல்கள் மறுபுறம் தள்ளுகின்றன. இதற்கு நம் பாடநூலார் வைத்த பெயர் 'இரட்டை'. அதனைக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அம்மையாரின் திருவிரட்டை மணிமாலை நினைவுக்கு வரும். வெண்பாவும் கட்டளைக் கலித்துறையுமாக மாறி மாறி, ஒன்றின் இறுதி மற்றொன்றின் தொடக்கமாக, இருபது பாட்டில் தொடுக்கப்பட்ட மாலை அது. இருவேறு யாப்பு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மாலை திரும்பித் தொடங்கிய இடத்திற்கு வருகிறது. பக்தி நூலை யந்திரமாக்கிவிட்டேன் என்று யாரும் வருந்த வேண்டாம். யந்திர சாஸ்திரத்தின் ஒரு வறண்ட பக்கத்திலே எனக்குக் கிடைத்த ஈரம் அவ்வளவே.

ஆங்கிலேயர் முறுக்கப்படும் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்; பிரெஞ்சுக்காரர் முறுக்கும் இரு கைகளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். என் சொந்த அபிப்பிராயத்தில் பின்னதே ஆழ்ந்த பார்வை. திருகையைத் தள்ளுவது ஒரு கைதானே, இரட்டை எங்கே என்று கேட்பீர்கள். நடுவிலுள்ள முளை, தள்ளும் கைக்கு எதிர்த்திசையில் அதே அளவு கல்லைத் தள்ளிக்கொண்டிருக்கிறது; அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முளையைப் பிடுங்கிவிட்டால் கல் சுற்றாது, சறுக்கி மடியில் விழும். தனித்த ஒன்றினால் முறுக்கு நேர்வதில்லை. செய்தியைத் திரிப்பவனை நாம் குறைகூறுகிறோம். "கயிறு திரிக்கிறான்" என்கிறோம். எந்தக் கயிற்றையும் ஒரு முனையில் மட்டும் பிடித்துத் திரிக்க முடியாது என்பதை அந்த வழக்கைப் பேசும் நாமே மறந்துவிடுகிறோம். ஆவலோடு கேட்டு மறுமுனையைப் பிடிக்க ஒருவர் இருந்தால்தான் அந்தக் கயிறு முறுக்கேறும்.

கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு விண்ணப்பம். பள்ளி நூல்கள் 'திருப்பு விசை' என்கின்றன, பொறியாளர் பலர் 'முறுக்கு விசை' என்கின்றனர்; ஒன்றை வைத்து ஒன்றை நீக்க வேண்டுமென்ற வாதமும் கேட்கிறது. இரண்டும் இருக்கட்டும். சுற்றுவதற்கு விடப்பட்ட சக்கரத்தின் மேல் அது திருப்பு; ஒரு முனை அசையாதபடி பிடிக்கப்பட்ட தண்டின் மேல் அது முறுக்கு. கணக்கில் இரண்டும் ஒன்றே, கையில் ஒன்றல்ல. இந்தத் திருப்பு விசைக்கும் வேலைக்கும் பரிமாணம் ஒன்றாயிருந்தும், ஒன்றை நியூட்டன் மீட்டர் என்றும் மற்றொன்றை ஜூல் என்றும் பிரித்து வழங்குகிற சாஸ்திரத்திற்கு இவ்வளவு வேற்றுமையைத் தாங்கும் சக்தி உண்டு.

அறுவடை முடிந்த மாதங்களில், நெற்சேர் சுற்றுவதற்காக எங்கள் வீட்டுக் களத்தில் வைக்கோல் பிரி திரிப்பார்கள். முதியவர் ஒருவர் வைக்கோற் குவியலின் அருகே அமர்ந்து பிடிபிடியாகக் கொடுத்துக்கொண்டிருப்பார். வளைந்த குச்சியில் பிரியின் நுனியை மாட்டிச் சுழற்றிக்கொண்டே பின்னோக்கி நடப்பது சிறுவர்களின் வேலை. நடக்க நடக்கப் பிரி நீளும். கொக்கு பறப்பதைப் பார்த்துக் குச்சியை நழுவவிட்டால், அரைக்களம் நீண்ட பிரி ஒரு நொடியில் சுழன்று பிரிந்து வைக்கோலாகிக் கிடக்கும். முதியவர் வைய மாட்டார். "எடுத்துப் பிடி" என்பார். ஒரு மணி நேரமாக நானும் பின்னோக்கியே நடந்து, கார்த்தேஜ் வரையில் போய்விட்டேன். திரித்தது கயிறா வெறும் வைக்கோலா என்பதை நீங்கள் பிறகு இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம்; மறுமுனையை இவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருந்தமைக்கு உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.